சிப்பாய்கள் ஜெயித்திருந்தால் மறுநாள் சோறு? வேலூர்க் கோட்டையை வைத்து மாற்று வரலாறு எழுத ஒரு முழு வழிகாட்டி

என் பெரியப்பா வேலூர் மண்டித் தெருவில் முப்பது வருஷம் அரிசி வியாபாரம் பார்த்தவர். நான் முதன்முதலாக எழுதிய மாற்று வரலாற்றுக் கதையை அவரிடம்தான் படித்துக் காட்டினேன். 1806 ஜூலை 10. நிஜத்தில் அரை நாளுக்குள் நசுக்கப்பட்ட சிப்பாய்ப் புரட்சி என் கதையில் ஜெயித்துவிடும். திப்புவின் மூத்த மகன் ஃபத்தே ஹைதர் அரியணை ஏறுவார். நாலு பக்கம் தள்ளிப் போனால் சென்னைக் கோட்டை விழும், அதற்கடுத்த பக்கத்தில் கல்கத்தா. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சரிப்பா, ராஜா ஆக்கிட்ட. மறுநாள் அத்தினி பேருக்கும் சோத்துக்கு இன்னா பண்ணுவே?"

என் நாற்பது பக்கப் பேரரசு அந்த இடத்திலேயே சரிந்தது. கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு வேலூரையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் முறை இதுதான்.

மாற்று வரலாறு என்பது, நடந்த சரித்திரத்தில் ஓரிடத்தில் மட்டும் கை வைத்து, அதன்பின் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து எழுதுவது. காட்பாடி ஜங்ஷனில் தண்டவாளம் பிரிகிற மாதிரி. அதுவரை ஒரே தடம். பிரிந்த பிறகும் கொஞ்ச தூரத்துக்கு இரண்டு தடமும் பக்கத்துப் பக்கத்தில்தான் போகும். எடுத்த எடுப்பில் ஒன்று திருப்பதிக்கும் இன்னொன்று பெங்களூருக்கும் போய்விடாது. புதிதாக எழுதுகிறவர்கள் இந்தக் கொஞ்ச தூரத்தைத்தான் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

படி 1: எங்கே பிரிப்பது?

பழைய வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பிரிக்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நாம் பிரியாணி சாப்பிடப் போகிற ஆம்பூரில்தான் 1749 ஆகஸ்ட் 3 அன்று கர்நாடக நவாப் அன்வருதீன் சண்டையில் செத்தார். சந்தா சாகிப், முசாபர் ஜங், பிரெஞ்சுப் படை மூன்றும் அவருக்கு எதிரே நின்றன. 1751-ல் ராபர்ட் கிளைவ் சுமார் 200 வெள்ளையரும் 300 சிப்பாய்களுமாக வந்து ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றதோடு பிரெஞ்சுக்காரர்களின் தென்னிந்தியக் கனவு ஏறக்குறைய முடிந்தது. அப்புறம் 1806, வேலூர்.

பலர் வந்தவாசியைத்தான் எடுப்பார்கள். 'பிரெஞ்சுக்காரன் ஜெயித்திருந்தால்' என்ற கேள்வி கவர்ச்சியாக இருப்பது காரணம். எழுத உட்கார்ந்தால் சிக்கல் தெரியும். லாலியின் படைக்குச் சம்பள பாக்கி, கப்பல் பலம் இல்லை, புதுச்சேரி நிர்வாகத்தோடு ஓயாத சண்டை. ஒரு நாள் யுத்தத்தை மாற்றினால் மட்டும் இதெல்லாம் சரியாகாது. பாரிஸின் கஜானாவையே மாற்ற வேண்டியிருக்கும். அப்படி எழுதினால் வரலாற்றில் கை வைத்ததாகாது, புதிதாக ஒன்றைச் செய்ததாகிவிடும்.

ஆற்காடு முற்றுகை அதைவிட நல்ல இடம். நவம்பர் 14 அன்று நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை மோத அனுப்பினார்கள். துப்பாக்கிச் சூட்டில் மிரண்ட யானைகள் திரும்பிச் சொந்தப் படையையே மிதித்தன. யானை மிரளவில்லை என்று வைத்தால் கிளைவ் அங்கேயே முடிந்தார். 1757-ல் பிளாசிக்கு வேறு யாரோ போக வேண்டும், அல்லது யாருமே போகாமல் இருந்திருக்கலாம். அந்த முற்றுகையைப் பற்றி வழங்கும் கதையையும் கவனியுங்கள்: அரிசி குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் வடித்த கஞ்சியைக் குடித்தார்களாம். அங்கேயும் பேச்சு அரிசியில்தான் வந்து நிற்கிறது. பெரியப்பாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "நம்மாளு ஏமாளி" என்பார்.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். மாற்ற வேண்டியது ஒரு மனிதனின் ஒரு இரவுத் தூக்கம் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். வேலூர் 1806 அந்த அளவுக்குள் கச்சிதமாக அடங்கும்.

படி 2: நடந்ததை நடந்தபடியே எழுதி வையுங்கள்

கற்பனையை ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் நிஜத்தை வரிசையாக எழுதுங்கள். சோம்பல் படாதீர்கள். என் தாள் இப்படி இருந்தது.

1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு இறக்கிறார். குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து, நல்ல உதவித்தொகை கொடுத்து, காவலில் வைக்கிறார்கள். 1801-ல் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) நிர்வாகத்துக்குள் போகிறது. அதே வருஷம் தெற்கே மருது சகோதரர்களைத் தூக்கில் போடுகிறார்கள். (அது சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர். நம் ஜோலார்பேட்டைப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. இதைக் குழப்பி எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு தடவை குழப்பியிருக்கிறேன்.)

1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிராடக் காலத்தில் புதிய உடை விதி வருகிறது. சிப்பாய் தாடியை மழிக்க வேண்டும், அணிவகுப்பில் நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும். பார்ப்பதற்கு அது வெள்ளைக்காரன் தொப்பி மாதிரியே இருந்தது. தொப்பி போட்டால் அடுத்தது ஞானஸ்நானம்தான் என்று பேச்சு பரவியது. 1806 மே மாதம் வேலூரிலேயே ஒரு படைப்பிரிவு தலைப்பாகையை மறுத்தது. 21 பேர் மீது விசாரணை நடந்தது. இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி. மற்ற 19 பேருக்கு 500 அடி என்று தீர்ப்பாகி, மன்னிப்பு கேட்டதால் விட்டுவிட்டார்கள்.

ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் அதிகாரியிடம் போய், கலகம் வரப்போகிறது என்று சொன்னார். அந்த வெள்ளை அதிகாரி விசாரிக்கச் சொன்னது இந்திய அதிகாரிகளைத்தான். அவர்களில் சிலருக்கே இதில் பங்கு இருந்தது. "அவன் பைத்தியம்" என்று சொல்லி அடைத்துவிட்டார்கள்.

ஜூலை 9, கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்ததை யாரும் சந்தேகப்படவில்லை. மறுநாள் காலை அணிவகுப்பு என்பதால், வழக்கமாக வெளியே பேட்டையில் குடிசைகளில் குடும்பத்தோடு தூங்கும் சிப்பாய்கள் பலர் அன்று கோட்டைக்குள்ளேயே படுத்தார்கள். உள்ளே சுமார் 1500 சிப்பாய்கள். 69-ஆம் ரெஜிமெண்டின் வெள்ளையர் நானூறுக்குச் சற்றுக் குறைவு.

ஜூலை 10, இரவு இரண்டு மணிக்குமேல் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் சாகிறார். 69-ஆம் ரெஜிமெண்டில் நூறுக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள். மருத்துவமனையில் நோயாளியாய்ப் படுத்திருந்தவர்களும் அதில் அடக்கம். மைசூரின் புலிக்கொடி ஏறுகிறது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்குச் செய்தி அனுப்புகிறார். அங்கே குதிரைப்படையோடு இருந்த கில்லெஸ்பி உடனே கிளம்பி வருகிறார். கதவுக்கு மேல் மதிலில் சார்ஜெண்ட் பிராடி தலைமையில் தாக்குப்பிடித்து நின்றவர்கள் கில்லெஸ்பியைக் கயிறு போட்டு மேலே இழுத்துக்கொள்கிறார்கள். பின்னால் வந்த குதிரைப் பீரங்கிகள் கதவை உடைக்கின்றன. முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. பிடிபட்டவர்களில் சுமார் நூறு பேரைச் சுவரோரமாக நிறுத்திச் சுட்டார்கள். அன்று செத்த சிப்பாய்கள் 350 என்பார்கள், 800 வரை சொல்வோரும் உண்டு. விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். எட்டுப் பேர் தூக்கில் தொங்கினார்கள்.

தாளை எழுதி முடித்ததும் சிவப்பு மையால் 'இது நடக்காமல் இருந்திருந்தால்?' என்று தோன்றும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். எனக்கு ஏழு வட்டம் வந்தது.

படி 3: ஒன்றே ஒன்றை மாற்றுங்கள்

ஏழில் ஆறை அழித்துவிடுங்கள். மனசு வராது. ஆனாலும் அழிக்கத்தான் வேண்டும்.

முஸ்தபா பேக்கை நம்பியிருந்தால் புரட்சியே நடந்திருக்காது. அதுவும் மாற்று வரலாறுதான், ஆனால் கதை இரண்டாம் பக்கத்தில் படுத்துவிடும். அணிவகுப்பை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தால் சிப்பாய்கள் வெளியே தூங்கியிருப்பார்கள். அதுவும் அப்படித்தான். கில்லெஸ்பியைக் கதவடியில் சாகடிப்பது பலருக்குப் பிடித்த வழி. எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரு வீரனைக் கொன்றால் சாம்ராஜ்யமே விழுந்துவிடும் என்ற நம்பிக்கை சினிமாவுக்குத்தான் சரிப்படும்.

நான் எடுத்தது மேஜர் கோட்ஸின் படுக்கையை. கல்யாண வீட்டுச் சத்தத்தில், மழைச் சாரலில், ஏதோ ஒரு காரணத்துக்காக அவர் அன்று கோட்டைக்குள் தூங்கிவிட்டார். அவ்வளவுதான். விடியும் முன் ஆற்காட்டுக்குச் செய்தி போகவில்லை.

இதில் கிடைப்பது என்ன? கணக்குப் போடுங்கள். துப்பாக்கிச் சத்தம் பேட்டைக்குக் கேட்கும். பயந்து ஓடுகிறவன் எவனாவது மதியத்துக்குள் ஆற்காடு போய்ச் சேருவான். கோட்ஸின் தூக்கம் வாங்கித் தருவது அரை நாள். ஆனால் அந்த அரை நாளில் மதில்மேல் நிற்கும் வெள்ளையருக்குத் தோட்டா தீர்ந்துவிடும். கதவு சிப்பாய்கள் கைக்கு வரும், பாலத்தை இழுத்துவிடலாம். கில்லெஸ்பி சாயங்காலம் வந்து பார்க்கும்போது எதிரே மூடிய கதவும் அகழியும்தான் இருக்கும். குதிரையை வைத்துக்கொண்டு கல் மதிலை என்ன செய்ய முடியும்?

படி 4: தூரத்தையும் கடலையும் ஏமாற்றாதீர்கள்

ஆற்காட்டிலிருந்து வேலூர் சுமார் 25 கிலோமீட்டர். இன்றைக்கு டவுன் பஸ்ஸில் தூங்கி எழுந்தால் வந்துவிடும். குதிரைப்படைக்குச் சில மணி நேரம். சென்னையோ சுமார் 140 கிலோமீட்டர். காலாட்படை ஒரு நாளில் 15, 20 கிலோமீட்டர் நடக்கும். மதிலை இடிக்கிற கனமான பீரங்கியைப் பரங்கிமலையிலிருந்து மாடு கட்டி இழுத்து வந்தால் இரண்டு வாரம் ஆகும். தந்தி இல்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்ததே 1856-ல்தான். எனவே புலிக்கொடி ஜூலை கடைசி வரையாவது கோட்டையில் பறக்கும். என் கதைக்கு அந்தப் பதினைந்து நாள் போதும்.

பிரெஞ்சு உதவி என்று எழுத எல்லோருக்கும் கை அரிக்கும். 1806-ல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் இருந்தது. பிரெஞ்சுத் தளபதி டெக்கான் இருந்தது மொரீஷியஸில். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் டிரஃபால்கரில் பிரெஞ்சுக் கடற்படை நொறுங்கியிருந்தது. செய்தி மொரீஷியஸ் போய், கப்பல் கிளம்பி இங்கே வர அக்டோபர் ஆகிவிடும். அக்டோபரில் சோழமண்டலக் கரைக்கு எவன் வருவான்? சென்னையிலும் புதுச்சேரியிலும் அன்று துறைமுகமே கிடையாது, கப்பல் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்து உட்கார்ந்திருந்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்களை ஒரே இரவுப் புயல் சிதறடித்தது. வடகிழக்குப் பருவமழையும் உங்கள் கதையில் ஒரு பாத்திரம். அதற்கு வசனம் தேவையில்லை, ஆனால் மறக்கக் கூடாது.

இன்னொன்று நிலப்பரப்பு. ஒரு தடவை கோட்டை மதில்மேல் நின்று கிழக்கே பாருங்கள். மலைகள், அவற்றின் மேல் பழைய கோட்டைகள். மலையில் பீரங்கி ஏற்றியவனுக்குக் கோட்டையின் உள்முற்றம் தட்டில் வைத்த சோறு மாதிரி தெரியும். ஆகவே உங்கள் சிப்பாய்கள் முதல் நாளே இருநூறு பேரையாவது அந்த மலைக்கு அனுப்ப வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் இருப்பவர்களை யார் மலையேறச் சொல்வது? இந்தக் கேள்வியிலேயே எனக்கு ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது.

படி 5: மூட்டைக் கணக்கு

இங்கேதான் பெரியப்பாவை உட்கார வைத்தேன். பென்சிலும் பழைய காலண்டர் தாளும் கொடுத்தேன். அவர் போட்ட கணக்கு இது.

ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ அரிசி. உடம்பு வளைத்து வேலை செய்கிறவனுக்கு அது அதிகமில்லை. 1500 பேருக்கு 1125 கிலோ, 75 கிலோ மூட்டையில் பதினைந்து மூட்டை. "அவ்ளோதானா?" என்றேன். "இரு, பொண்டாட்டி புள்ளைங்க பேட்டையில இருக்காங்கன்னு நீதான சொன்ன?" என்றார். கும்பினி பழிவாங்கும் என்று தெரிந்ததும் அவர்களும் கோட்டைக்குள் வந்துவிடுவார்கள். சிப்பாய்க்கு மூன்று பேர் என்றாலும் 4500 பேர். ஆளுக்கு அரை கிலோ, இன்னொரு முப்பது மூட்டை. ஆக நாளொன்றுக்கு 45 மூட்டை. மாசத்துக்கு 1350. ஒரு மாட்டு வண்டிக்குப் பத்து மூட்டை என்றால் 135 வண்டி. அதுவும் வெறும் அரிசி. பருப்பு, உப்பு, விறகு, குதிரைக்குக் கொள்ளு எதுவும் இதில் சேரவில்லை.

இப்போது காலண்டரைப் பாருங்கள். ஜூலை 10 என்றால் ஆனி கடைசி. சம்பா அறுவடை முடிந்து ஐந்து மாசம் ஆகிவிட்டது. ஊர்க் குதிர்களில் அடி தெரிகிற சமயம். அரிசி இருப்பது மண்டிக்காரர்களிடம். கொடுப்பார்களா? கடனுக்கா, காசுக்கா?

காசுக்கு என்றால் கோட்டைக் கஜானா இருக்கிறதே என்பீர்கள். நிஜத்தில் அன்று காலை என்ன நடந்தது என்றால், கதவைக் காக்க வேண்டியவர்களில் பலர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். கஜானா கைமாறியது உண்மை, ஆனால் அது ஆயிரம் மடிகளுக்குள் போனது. புரட்சித் தலைவர்களாகப் பேசப்படும் சுபேதார் ஷேக் ஆதம், ஜமேதார் ஷேக் ஹுசைன் போன்ற இந்திய அதிகாரிகளால் அதைத் தடுக்க முடியவில்லை. என் கதையில் ஒரு ஜமேதார் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கப் பார்க்கிறார். பாதிப் பேர் கொடுக்கிறார்கள், மீதிப் பேர் இரவோடு இரவாகச் சின்னக் கதவு வழியே ஊர்போய்ச் சேருகிறார்கள். 1500 என்பது மூன்றாம் நாள் 900 ஆகிறது. எழுதும்போது எனக்கே வலித்தது, ஆனால் இதுதான் நடந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இதே கோட்டையில் இந்தப் பாடம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. 1780-லிருந்து ஹைதர் அலி வேலூரை வளைத்துக் கிடந்தார். உள்ளே இருந்த கும்பினிப் படை தாக்குப்பிடித்ததற்கு மதில் பாதிக் காரணம்தான். 1781 கடைசியிலும் 1782 தொடக்கத்திலும் அயர் கூட் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு தானியம் கொண்டுவந்து சேர்த்ததுதான் மீதிக் காரணம்.

மாற்று வரலாறு எழுதும் எவரும் 'ஜெயித்தார்கள்' என்று எழுதிய கையோடு இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அரிசி தீரும் நாள் ஒன்று. அடுத்த சம்பள நாள் இன்னொன்று. இந்த இரண்டையும் உங்கள் ராஜ்ஜியம் தாண்டிவிட்டால் அதற்கப்புறம் கொடி, முத்திரை, நாணயம் எல்லாம் தாராளமாக வடிவமைக்கலாம்.

படி 6: அவரவர் கணக்கு அவரவருக்கு

சிப்பாய்கள் ஜெயித்த செய்தி கேட்டு 'எல்லோரும் திரண்டு எழுந்தார்கள்' என்று எழுதினால் நான் படிப்பதை நிறுத்திவிடுவேன். யாரும் சும்மா திரளமாட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்கு என்ன லாபம் என்று பார்ப்பார்கள்.

முதலில் பூர்ணய்யா. இந்தக் காலகட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ஹைதரிடம் வேலை பார்த்தார், திப்புவிடம் வேலை பார்த்தார், 1799-க்குப் பிறகு சின்னப் பையனான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் திவானாக மைசூரை நடத்தினார். ஃபத்தே ஹைதர் ராஜாவானார் என்ற கடிதம் அவர் கைக்கு வருகிறது. பழைய எஜமானின் மகன். அழுவாரா? என் கணிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மைசூர்க் குதிரைப்படையைக் கும்பினிக்கு உதவியாக அனுப்புவார். 1803-ல் மராட்டியப் போரிலும் அவர் அதைத்தான் செய்தார். பழைய வம்சம் திரும்பினால் முதலில் போவது தன் பதவி என்று அவருக்குத் தெரியாதா?

ஹைதராபாத்தில் கதை வேறு. அங்கிருந்த கும்பினிச் சிப்பாய்களுக்கும் அதே ஜூலையில் தலைப்பாகைக் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்த தளபதி உத்தரவை ரத்து செய்து சமாளித்தார். வேலூர் பதினைந்து நாள் நின்றிருந்தால் அவரால் சமாளித்திருக்க முடியுமா என்பது திறந்த கேள்வி. நந்திதுர்க்கத்திலும் பாளையங்கோட்டையிலும் நிஜத்திலேயே அந்த வருஷக் கடைசியில் சலசலப்பு இருந்தது. பொறி பறந்து விழ வேண்டிய இடங்கள் இவைதான். டெல்லிக்கும் பூனாவுக்கும் போகாதீர்கள்.

தெற்கே பாளையக்காரர்கள்? 1801-லேயே கோட்டைகளை இடித்து முதுகெலும்பை முறித்தாகிவிட்டது. அவர்கள் வருவார்கள் என்று எழுதுவது ஆசை. திருவிதாங்கூரில் வேலுத்தம்பி தளவாய் அப்போது கும்பினியோடு ஒத்துப் போய்க்கொண்டிருந்தார், எதிர்த்துத் திரும்பியது 1808 கடைசியில். ஃபத்தே ஹைதரைப் பொறுத்தவரை, என் பார்வையில் அவருக்கு ஆசையைவிடப் பயம்தான் அதிகம். ஏழு வருஷமாகக் கும்பினிப் பணத்தில் குடும்பம் நடத்துகிறவர். புரட்சி தோற்றால் முதல் தலை அவருடையது. மாடத்தில் நின்று கையசைக்க வைக்கலாம். வாளை உருவ வைத்தால் நம்ப முடியாது. நிஜத்தில் புரட்சிக்குப் பிறகு திப்பு குடும்பத்து ஆண்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

படி 7: ஒரு மாதம், மூன்று வருஷம், நூறு வருஷம்

இந்த மூன்று தூரங்களில் மட்டும் நின்று பாருங்கள். நடுவில் உள்ளது தானே நிரம்பும்.

ஒரு மாதத்தில் கோட்டை விழும். இதை நான் மாற்றவில்லை. 1350 மூட்டை இல்லாத கோட்டை விழத்தான் செய்யும். ஆனால் ஒரு முற்பகலில் அடங்கியதற்கும் ஐந்து வாரம் கழித்துப் பேரம் பேசி அடங்கியதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பேரம் என்றால் கும்பினி எதையாவது எழுதிக் கொடுத்திருக்கும்.

மூன்று வருஷத்தில் 1809 வருகிறது. நிஜத்தில் அந்த வருஷம் சென்னைப் படையின் வெள்ளை அதிகாரிகளே படிப்பணச் சண்டையில் கலகம் செய்தார்கள். கவர்னர் பார்லோவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையையே பிடித்துக்கொண்டார்கள். சிப்பாய்கள் ஒருமுறை எழுதி வாங்கிய பிறகு இது நடந்தால்? என் கதையின் இரண்டாம் பாகம் அங்கே தொடங்குகிறது. வேலூரில் நட்டது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காய்க்கிறது.

தனி மனிதர்களின் தடமும் மாறும். சென்னைக் கவர்னர் வில்லியம் பெண்டிங்கை வேலூர்க் கலவரத்தைக் காரணம் காட்டி 1807-ல் திருப்பி அழைத்தார்கள். அவரே 1828-ல் கவர்னர் ஜெனரலாகத் திரும்பி வந்து மறுவருஷம் சதி என்னும் உடன்கட்டை ஏறும் வழக்கத்தைத் தடை செய்தார். ஐந்து வாரக் கலவரத்துக்குப் பிறகு அவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்திருக்குமா? கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை 1816-ல் இதே கோட்டைக்குத்தான் கைதியாகக் கொண்டுவந்தார்கள். 1832-ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய முத்து மண்டபம் இருக்கிறது. ராஜ கைதிகளை வைத்துச் சூடுபட்ட கோட்டையில் இன்னொரு ராஜாவை அடைக்கத் துணிந்திருப்பார்களா?

நூறு வருஷம் தள்ளிப் போனால் வேலூர்க்காரர்கள் யாரும் கேட்காமல் இருக்க மாட்டார்கள்: சிஎம்சி மருத்துவமனை இருக்குமா? அமெரிக்க மிஷனரிகள் ஆற்காட்டுப் பக்கம் நிலைத்தது 1850-களில். அந்த வழியில் வந்த ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார், 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1813 சாசனச் சட்டம்தான் மிஷனரிகளுக்குக் கதவைத் திறந்தது. 'ஞானஸ்நானப் பயத்தால் கோட்டையே போனது' என்ற நினைவு லண்டனில் பச்சையாக இருந்திருந்தால் அந்தக் கதவு மூடியே இருந்திருக்கலாம். என் கதையில் சிஎம்சி இல்லை. இதற்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் பிறந்ததே அங்கேதான்.

படி 8: வாயில் வரும் சொல்

1806-ல் எந்தச் சிப்பாயும் 'இந்திய விடுதலை' என்று பேசியிருக்க மாட்டான். கும்பினி, சர்க்கார், தொப்பிக்காரன், பட்டாளம், படிப்பணம், வராகன், இவைதான் வாயில் வரும். நாம் இன்று புரட்சி என்கிறோம், என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கலகம் என்று படித்த ஞாபகம். கதாசிரியராக நீங்கள் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், பாத்திரங்களை மட்டும் அவர்கள் காலத்துச் சொல்லோடு விட்டுவிடுங்கள். சிப்பாய்களில் தமிழ், தெலுங்கு, தக்கணி உருது பேசுகிறவர்கள் கலந்திருந்தார்கள். மூன்றும் காதில் விழ வேண்டும்.

கொலைகளைப் பூசி மெழுக வேண்டாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனைச் சுட்டதும் நடந்தது, சுவரோரம் நிறுத்தி நூறு பேரைச் சுட்டதும் நடந்தது. ஒன்றை மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு உங்கள் கட்சி தெரிந்துவிடும், அப்புறம் மீதியை நம்பமாட்டார்.

படி 9: போரை விடுங்கள், வரிசையை எழுதுங்கள்

கடைசிப் படி, எந்தக் காட்சியை விரித்து எழுதுவது என்பது. பெரும்பாலும் எல்லோரும் கதவு உடைவதை எழுதுவார்கள். நான் 1806 ஆகஸ்ட் 1-ஐ எடுத்தேன். சம்பள நாள். அதிலிருந்து கொஞ்சம்:

'கோயில் மண்டபத்து நிழலில் ஜமுக்காளம் விரித்திருந்தது. அதன்மேல் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு துணிப்பை. பை பாதிதான் உப்பியிருந்தது. வரிசை மதில் வரை நீண்டது. முன்னால் நின்றவன் பெயரைச் சொன்னான். கணக்குப்பிள்ளை தேடினான். போன மாசக் கணக்கில் அந்தப் பெயருக்கு நேரே கும்பினியின் முத்திரை இருந்தது. இந்த மாசம் எந்த முத்திரையைக் குத்துவது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. "மெதுவா தேடு," என்றார் பக்கத்தில் நின்ற ஜமேதார், பையைப் பார்த்துக்கொண்டே. "அவசரமில்லை."'

இதை எழுதி முடித்துப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரிசையில நிக்கிறவனுக்கு அரை சம்பளம் குடுத்தா வாங்கிக்குவானா, மாட்டானா?" என்றார்.

வாங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று, வாங்க மறுக்கிற மாதிரி ஒன்று என்று இரண்டு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறேன்.